பதினேழாம் இடத்துக் கற்கள்

"டோரீ, மணி என்ன?" குளியலறைக் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டே ஆம்ப்ரோஸ் கேட்டார்.

டோரீன் சமையலறையிலிருந்து எட்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏழு இருபது."

"அப்ப ஏழு எட்டு. இன்னொரு காபிக்கு டைம் இருக்கு."

அந்த வீட்டுக் கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடும். கல்யாணமான வருஷம் ஆராய்ச்சி நிலையத்துப் பஸ் தொம்மலூர் மேம்பாலத்தடியில் ஆம்ப்ரோஸை இரண்டு தடவை விட்டுவிட்டுப் போயிற்று. அதன் பிறகு டோரீன்தான் பத்து நிமிடம் கூட்டி வைத்தாள். அது எப்படியோ பன்னிரண்டாகி அங்கேயே நின்றுவிட்டது. தன் கைக்கடிகாரத்தையும் அதைப் பார்த்தே திருத்திக்கொள்வாள். மணி கேட்டால் கடிகாரம் காட்டுவதை அப்படியே சொல்ல வேண்டும். கேட்டவர்தான் மனதுக்குள் பன்னிரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருஷமாக வீட்டின் முறை இதுதான். மகன் நீல் மணி பார்க்கப் பழகியதே கழித்தல் கணக்கோடுதான்.

ஆம்ப்ரோஸ் இன்னொரு காபி குடித்தார். வாசலில் கிடந்த கான்வாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆட்டோ பிடிங்க," என்றாள் டோரீன். " அந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறாதீங்க."

"கல்லு தூக்காத ஜியாலஜிஸ்ட்டுக்கு எவன் வேலை குடுப்பான்?"

மாடிப்படியில் நாலு படி இறங்கினவர், செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்போல உட்கார்ந்தார். கதவைச் சாத்தப் போன டோரீன், "என்ன, எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது என்றார் டாக்டர். கல் பை அன்று முழுக்கப் படியிலேயே கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைத் தாண்டித் தாண்டி மேலே ஏறி வந்தார்கள். அதை யாராவது ஓரமாக நகர்த்தி வைக்கலாமே என்று டோரீனுக்கு இரண்டொரு தடவை தோன்றியது.

ஆம்ப்ரோஸின் வேலை கற்களுக்குள் இருக்கும் காந்தத்தைப் படிப்பது. எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது, அதிலுள்ள இரும்புத் துணுக்குகள் அன்றைக்கு வடக்கு எங்கே இருந்ததோ அந்தத் திசையில் உறைந்துவிடும். நூறு கோடி வருஷமானாலும் கல் அந்தத் திசையை விடுவதில்லை. கல்லின் இந்தப் பிடிவாதத்தை நம்பி அவர் பதினோரு வருஷமாக ஒரே கேள்வியைத் துரத்திக்கொண்டிருந்தார். ஆந்திரப் பக்கத்தில் பழைய மலைத்தொடர் ஒன்று, வானத்திலிருந்து பார்த்தால் வில்போல வளைந்து கிடக்கும். தென்முனையில் அந்த வளைவு கொக்கியாகவே மடங்கியிருக்கும். ஆய்வகத்தில் அதற்குப் பெயரே 'வில்'. அது வளைந்தே பிறந்ததா, நேராகப் பிறந்து பிற்பாடு வளைந்ததா என்பதுதான் கேள்வி.

டோரீன் நீலசந்திராவில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். அவளுக்கு இதை அவர் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் விளக்கினார்.

"உன் ஸ்கூல் அசெம்ப்ளியையே எடுத்துக்கோ. பசங்களை நேர் வரிசையா நிக்க வெச்சு, எல்லாரும் கொடியைப் பாருங்கன்னு சொல்லி, அப்படியே 'ஸ்டாச்சூ' சொல்லிடறே. ஒருத்தனும் கழுத்தைத் திருப்பக் கூடாது. அப்புறம் அந்த வரிசையை அப்படியே கயிறு மாதிரி வளைக்கிறே. கடைசியில நிக்கிறவன் எங்க பாப்பான்?"

"டாய்லெட் பக்கம் பாப்பான்."

"அதான்! ஆனா மொதல்லயே வளைச்சு நிறுத்திட்டு, அதுக்கப்புறம் கொடியைப் பாருன்னு சொன்னா?"

"எல்லாரும் கொடியைத்தான் பாப்பாங்க."

"முடிஞ்சுது. இனிமே நீயே ஆபீஸ் போ, நான் வீட்ல இருக்கேன்."

நேராகப் பிறந்து பிறகு வளைந்தது என்பது ஆம்ப்ரோஸின் கட்சி. வளைந்தே பிறந்தது என்பது பக்கத்து மேஜை ரங்காவின் கட்சி. மல்லேஸ்வரத்து ரங்காவும் தொம்மலூர் ஆம்ப்ரோஸும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் இதைத்தான் தொடங்குவார்கள். "மலை வளையல, உன் மூளைதான் வளைஞ்சிருக்கு," என்பார் ரங்கா. "வளைஞ்சாவது இருக்கே," என்பார் ஆம்ப்ரோஸ். வில்லின் வடக்குப் பக்கத்திலும் நடுவிலுமாகப் பதினாறு இடங்களில் கல் எடுத்தாயிற்று. கொக்கியில் மட்டும் எடுக்கவில்லை. காட்டுக்குள் இருக்கும் இடம் அது. அனுமதி கிடைக்கவே இரண்டு வருஷம் இழுத்தது.

கடைசியில் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை, ஒரே ஒரு நாள், மதியம் ஒரு மணிவரை என்று கடிதம் வந்தது. கூடப் போக வேண்டிய ஆராய்ச்சி மாணவி ஸ்ரீரஞ்சனிக்கு அந்த வாரம் பார்த்து அம்மை போட்டுவிட்டது.

"நீ வா டோரீ. நோட்புக்ல எழுதற வேலைதான். உன் கையெழுத்து அவளுதைவிட அழகு."

"வெயில்ல நிக்க வெக்கறதுக்கு இப்படி ஒரு ஐஸா?"

ஆனாலும் போனாள். காட்டு ஓரம் கருப்பாக ஒரு பாறைச் சரிவு. திசைகாட்டியை அதன்மேல் வைத்ததும் முள் தள்ளாடியது. இரும்புச் சத்துள்ள பாறை முள்ளைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆகவே இங்கே சூரியன்தான் துணை என்றார் ஆம்ப்ரோஸ். பெட்ரோல் டிரில்லால் பாறையில் விரல் பருமனுக்கு வளையமாகத் துளை போட்டார். உள்ளே நிற்கும் கல்லை உடைத்தெடுக்குமுன், அதன்மேல் ஒரு தட்டை வைத்தார். தட்டின் நடுவில் ஊசி. ஊசியின் நிழல் எந்த எண்ணில் விழுகிறது என்று பார்ப்பார். அந்தக் கணத்தில் மணி என்ன என்று தெரிந்தால், சூரியன் எங்கே நின்றது என்று கணக்குப் போட்டு, கல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று சொல்லிவிடலாம்.

"ஐம்பத்து மூணு டிகிரி! டைம்?"

"ஒன்பது இருபத்தி மூணு!"

"எழுதிக்கோ! கணக்கு எல்லாம் வீட்டுக்குப் போயி!"

டிரில் சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வெயில் ஏற ஏற ஆம்ப்ரோஸ் பரபரத்தார். "ஏப்ரல் மாசத்து நடுப்பகல் சூரியனை நம்பக் கூடாது. காலையில நடப்பான், உச்சியில ஓடுவான். பத்து நிமிஷத்துல திசையே மாறிடும். என்ன பண்றது, இவனுங்க ஒரு மணிக்குக் கேட்டை மூடறானுங்களே."

"ஸ்டூடண்ட்டுக்கு மோராவது உண்டா சார்?"

"ஒன்பது கல்லு முடியட்டும். மோர் என்ன, பிரியாணியே உண்டு."

ஒன்பதாவது கல் எடுத்தபோது நோட்டில் பன்னிரண்டு மணி நாலு நிமிடம் என்று எழுதினாள். திரும்பி வரும் வழியில் பிரியாணியும் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆம்ப்ரோஸ் தூங்கினார். திங்கட்கிழமை காலை அந்தப் படி.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்த ரங்கா கல் பையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். நீல் ஹைதராபாத்துக்கு வந்துவிடச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். டோரீன் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தாள்.

நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த ஒரு சாயங்காலம் ரங்கா மறுபடி வந்தார். கையில், ஜர்னலுக்கு அனுப்பவிருந்த கட்டுரையின் நகல். முதல் பெயராக ஆம்ப்ரோஸ், இரண்டாவது ஸ்ரீரஞ்சனி, கடைசியில் ரங்கா.

"அவன் கட்சியே ஜெயிச்சுதுன்னு வெச்சுக்கோங்க," என்றார் ரங்கா. "பதினாறு இடத்தையும் சேர்த்துப் பார்த்தா, தெற்கே வர வரத் திசை கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பறது. ரொம்ப இல்ல, ஆனா திரும்பறது. நேரா இருந்து வளைஞ்சதுன்னு சொல்ல இடம் இருக்கு. சொல்லிட்டேன். என் கையாலயே எழுதிட்டேன். அவன் இருந்திருந்தா ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பான்."

டோரீன் தாள்களைப் புரட்டினாள். அட்டவணையில் பதினேழாவது வரி. கடைசிக் கட்டத்தில், 'விலக்கப்பட்டது.'

"இது நாங்க போன இடமில்ல?"

ரங்கா தலையைச் சொறிந்தார். "அது சரியா வரல டோரீன். ஒரே பாறையில எடுத்த ஒன்பது கல்லும் ஒரே திசையைக் காட்டணும். இது விசிறி மாதிரி விரியறது. மின்னல் விழுந்த பாறையா இருக்கலாம், இல்ல..." அதற்குமேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அவன் உடம்பு சரியில்லாமல் தப்பாக அளந்திருக்கலாம் என்பதுதான் மிச்சம் என்று அவளுக்குப் புரிந்தது.

"அந்தப் படத்தைக் காட்டுங்க."

பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். வட்டத்துக்குள் ஒன்பது புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன. நாலு சற்றுத் தள்ளி. ஐந்து இன்னும் தள்ளி. ஒன்பது எங்கேயோ.

"இந்த மூணு மட்டும் சரின்னு வெச்சா?"

"வெச்சா என் கட்சி ஜெயிக்கும். வடக்கு முனையில என்ன திசையோ அதே திசை. கொக்கியிலேயே திரும்பலன்னா மலை வளையவே இல்லன்னு அர்த்தம். ஆனா மூணு கல்லை வெச்சு யார் ஒத்துப்பா? விடுங்கோ. மணி ஆயிடுத்து, நான் கெளம்பறேன்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார்.

அவர் போன பிறகு டோரீன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கணக்கு டீச்சருக்கு எண்கள் வரிசையாக விலகுவதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. காலையில் கொஞ்சம், உச்சியில் நிறைய. காலையில் நடப்பான், உச்சியில் ஓடுவான். அவள் கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனது.

ஸ்ரீரஞ்சனியாக இருந்தால் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்து நேரம் எழுதியிருப்பாள். டோரீனுக்கு நேரம் என்றால் மணிக்கட்டுதான். "டைம்?" என்று அவர் கேட்டார், கடிகாரம் காட்டியதை அவள் சொன்னாள், வீட்டில் சொல்வதைப்போலவே. கேட்டவர் கழித்துக்கொள்வார். திங்கட்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது, யோசிக்காமலே கழித்திருப்பார். நோட்டில் அதை ஒரு வார்த்தை எழுதிவைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. ஒரே வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டது அது. ரங்கா வெளியார், அவர் எப்படிக் கழிப்பார்?

இது உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவளுக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. சொல்லாமல் விட்டால் கட்டுரை இப்படியே ஜர்னலுக்குப் போய்விடும். ஆம்ப்ரோஸ் சொன்னதே சரி என்று அவர் பெயரின் கீழ் அச்சாகும். சொன்னால் அந்த ஒன்பது கல்லும் எழுந்து நின்று அவர் சொன்னது தப்பு என்று சொல்லும். பதினோரு வருஷம். அதையும் அவர் கண்ணை மூடிய பிறகு, அவருடைய மனைவியே போய்ச் சொல்வதா?

ஒரு வாரம் போயிற்று. ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்தினாள். ஒரு பையன் பக்கத்துப் பையனைப் பார்த்து விடையை மட்டும் மாற்றி எழுதியிருந்ததைப் பிடித்து, "எங்க தப்பு வந்துச்சுன்னு காட்டு, விடையை மட்டும் மாத்தாதே," என்று திட்டினாள். திட்டி முடித்ததும் தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. நீல் சின்னவனாக இருந்த சமயம். ஆய்வகத்துச் சூடேற்றும் பெட்டிக்குப் பின்னால் யாரோ காந்தமேறிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை மறந்துவிட்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த அன்று ஆம்ப்ரோஸ் இரண்டு வருஷத்து அளவுகளைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். டோரீன் பயந்துகொண்டே சாதம் போட்டாள். அவர் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார். "அப்பாடா, கணக்கு ஏன் ஒத்துவரலன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு டோரீ," என்றார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ரங்காவுக்குப் போன் செய்தாள். "லேப்டாப்போட வாங்க. அந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க."

ரங்கா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்தார். டோரீன் எதிரில் உட்காராமல் பக்கத்தில் நின்றாள்.

"நோட்ல இருக்கற எல்லா நேரமும் ஒரே அளவு தப்புன்னு வெச்சுக்கங்க. எத்தனை நிமிஷம் கழிச்சா இந்தப் புள்ளி எல்லாம் ஒண்ணா சேரும்?"

"எத்தனை கழிக்கணும்?"

"அதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிங்க."

"என்ன, பரீட்சையா?"

"ஆமா. எழுதுங்க."

ரங்கா முனகிக்கொண்டே தட்டினார். ஐந்து போட்டார். விசிறி லேசாகச் சுருங்கியது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பதினைந்து போட்டார், புள்ளிகள் தாண்டிப்போய் மறுபக்கம் விரிந்தன. பத்து. பதின்மூன்று. பதினொன்று. பிறகு இன்னொரு எண்ணைப் போட்டு, கையை எடுத்துவிட்டார். ஒன்பது புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு மிளகு அளவுக்குள் உட்கார்ந்திருந்தன.

"பன்னெண்டு," என்றார்.

"உங்க போன்ல மணி பாருங்க. அப்புறம் அந்தச் சுவத்துல பாருங்க."

ரங்கா போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "டோரீன்! இந்த வீட்டுக்கு வந்தா எப்பவும் நாழியாயிடுத்து நாழியாயிடுத்துன்னு காபியைக்கூட முழுசாக் குடிக்காம ஓடியிருக்கேனே, இத்தனை வருஷமா! அந்தப் படுபாவி ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"அவரு சொன்னாரு, ரங்கா சீக்கிரம் கெளம்பறது நல்லதுதான், இல்லாட்டி ராத்திரி சாப்பாடும் போடணும்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் ஏப்ரலுக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். ரங்காதான் முதலில் நிறுத்தினார். திரையை மறுபடி பார்த்தார். அந்த மிளகு எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார். மெதுவாக லேப்டாப்பை மூடினார்.

"ஹோக்லி பிடி டோரீன்," என்று கன்னடத்துக்குத் தாவினார். "போகட்டும், விட்டுடலாம். இதை நான் பாக்கல."

"பாத்துட்டீங்க."

"இது என்ன சொல்றதுன்னு தெரியறதா? கொடியைப் பாக்கற கதை அவன் உங்களுக்கும் சொல்லியிருப்பான். எல்லாக் கல்லும் கொடியைத்தான் பாக்கறது. அவன் சொன்னது தப்பு."

"தெரியும். போன வாரமே தெரியும்."

"செத்துப்போனவன்கிட்ட ஜெயிச்சு நான் என்ன பண்ணப் போறேன்? டப்பாவைத் தொறந்தா எதுத்தாப்பல ஆள் இல்ல. இதையாவது அவனுக்குக் குடுக்கலாம்னு நெனச்சேன்."

டோரீன் மேஜைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "ரங்கா, நீங்க குடுக்கறது பெரிய மனசு. ஆனா இதுக்காக அந்த ஒன்பது கல்லைத் தூக்கிப் போடணும். அவரு கடைசியா எடுத்தது. ஒண்ணுகூடத் தப்பா எடுக்கல, பாத்தீங்கல்ல? தப்பு என் கடிகாரத்துல. நல்ல கல்லை விலக்கினதுன்னு போட்டுட்டு அவரு பேரை மேல போட்டா, அது எனக்குப் பிடிக்கல. அவரு கட்சி தோத்தா தோத்துட்டுப் போகட்டும். அந்தக் கல்லை எடுத்தது நீங்க இல்லையே, அவருதானே?"

ரங்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று.

"ஜர்னல்ல என்னன்னு எழுதறது? சம்சாரத்தோட கடிகாரம்னா?"

"அப்படியே எழுதுங்க. எனக்கென்ன வெக்கம்?"

அப்படி எழுத முடியாது என்று இரண்டு காபி முடியும்வரை வாதம் நடந்தது. களக் குறிப்பேட்டின் நேரங்கள் பன்னிரண்டு நிமிடம் முந்தியவை, அந்த அளவு கல்லின் சான்றாலும் கடிகாரத்தாலும் தனித்தனியே சரிபார்க்கப்பட்டது, நேரம் குறித்தவர் டோரீன் என்று முடிவாயிற்று. அன்று ரங்கா காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பிப்ரவரியில் திருத்திய கட்டுரை வந்தது. தலைப்பே தலைகீழாகியிருந்தது. மலைத்தொடர் வளைந்தே பிறந்தது என்றது. ஆம்ப்ரோஸ் பதினோரு வருஷம் சொன்னதைத் தக்க மரியாதையோடு மறுத்தது. அவர் பெயர் முதலில்தான் இருந்தது. டோரீன் பழைய நகலையும் புதியதையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, பள்ளித் தாள் திருத்துவதுபோல, பென்சிலால் வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டு போனாள். அட்டவணைக்கு வந்தாள். பதினேழாவது வரி. கடைசிக் கட்டத்தில் 'விலக்கப்பட்டது' போய் ஒரு திசை வந்திருந்தது. நேரம் மாறியிருந்தது. நிழலிலிருந்து கணக்கிட்டது எல்லாமே மாறியிருந்தது.

ஒரு கட்டம் மட்டும் இரண்டு தாளிலும் ஒன்றாக இருந்தது. பாறை அடுக்கின் சரிவு, பதினெட்டு டிகிரி. அதை அளக்க வடக்கும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். ஆம்ப்ரோஸ் அன்று குந்தி உட்கார்ந்து, ரசமட்டத்தை வைத்துப் பார்த்துச் சொன்ன எண் அது.